மாரிக்கு மிளகுசாறு
(ஈக்காட்டுத்தாங்கலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நீரைத் தாங்கி நிற்கும் நிலம் தாங்கல். 2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டு இவ்வூர்த் தெருக்களில் புகுந்தபோது அப்பெயரின் பொருளை உணர்ந்தோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்கு உடல் தேடுவது சுடுசோறும் மிளகுசாறுமே.

மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் தட்டிப் புளிக்கரைசலில் இட்டு, நுரை கூடியதும் இறக்குக; கொதித்தால் மணம் போய்விடும். சளி கட்டியவர்க்குத் தூதுவளையும், மூட்டு நோவுற்றவர்க்கு முடக்கறுத்தானும் சேர்ப்பது நம் மூதாட்டியர் வழக்கம். மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழி வந்தது. அதற்கு முன் நம் அடுக்களையின் உறைப்பு மிளகே. கழக நூல்கள் அதனைக் 'கறி' என்னும்.

சென்னையில் குடியேறிய ஆங்கிலர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதனைச் சுவைத்தனர். 'மிளகுத்தண்ணீர்' என்பதை 'மல்லிகட்டானி' எனத் திரித்தனர்; இறைச்சியும் சேர்த்தனர்; ஆயினும் பெயரைக் கைவிட்டிலர். நாமோ வீட்டில் 'ரசம்' என்கிறோம். உணவகத்தில் 'சூப்பு' எனக் கேட்டு விலைகொடுத்துப் பருகுகிறோம். அயலான் காத்த பெயரை உரியவன் இழப்பதா?

இன்றிரவு பிள்ளைகட்குச் சோறு பிசையும்போது 'சாறு' என்றே சொல்லி ஊற்றுங்கள். நாவில் சுவையோடு சொல்லும் தங்கும்.

வாழ்க தமிழ்!