எந்த வள்ளத்திலை போறது?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்று கடல் கடந்து இந்த ஊர்காவற்றுறைக்கு வந்திருக்கும் தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே, திரும்பிப்போக உங்களுக்கு வள்ளம் பிடிக்க வேண்டும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2020ஆம் ஆண்டு, ஊரடங்கு தளர்ந்த ஒரு காலை. நமது தீவுகளின் இறங்குதுறை ஒன்றில் நின்றேன். சுவரில் கொரோனா அறிவித்தல் ஒட்டியிருந்தது. மேலே சிங்களம், கீழே ஆங்கிலம். தமிழ் இல்லை. பக்கத்தில் ஓர் ஆச்சி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி, "தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார். கைகழுவ வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று வாசித்துச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு ஆச்சி சொன்னார்: "அது சரி தம்பி. எனக்கு முட்டு வருத்தம். காய்ச்சல் கண்டால் எந்த வள்ளத்திலை போறது? ஏத்துவாங்களோ?"

அந்தத் தாளில் எந்த மொழியிலும் அதற்கு விடை இருக்கவில்லை.

சபையோரே, தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் வந்த 13ஆவது திருத்தம் சொல்கிறது. அந்தச் சுவரில் தமிழ் இருந்திருக்க வேண்டும். அது எங்கள் உரிமை. ஆனால் தமிழ் எழுத்து இருந்துவிட்டால் மட்டும் ஆச்சிக்குத் தகவல் கிடைத்துவிடுமா? அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன்.

தொற்றுக் காய்ச்சல் எங்களுக்குப் புதிதல்ல. 1918–19இல் உலகைச் சுற்றிய இன்புளுவன்சா கொழும்புத் துறையாலும் தலைமன்னாராலும் இலங்கைக்குள் இறங்கியது. ஏறக்குறைய 3 இலட்சம் பேர் மாண்டார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அது நாளை வேறு வடிவில் வந்தால், "தடிமன் காய்ச்சல்தானே, கொத்தமல்லி அவித்துக் குடித்தால் போகும்" என்று நாங்கள் இருந்துவிடக் கூடாது. வைரஸுக்கு எதிரான மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகள், முதியோர், கைக்குழந்தைகள், முட்டு வருத்தக்காரர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். சோழகக் காற்று அடித்து நெடுந்தீவு வள்ளம் ஒருநாள் ஓடாவிட்டால், அந்த 48இல் பாதி போய்விடும். ஆச்சியின் கேள்வி அவ்வளவு பெரிய கேள்வி.

மருத்துவத்தை எங்கள் மொழிக்குக் கொண்டுவருவது நடக்காத காரியமா? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து அதைச் செய்துகாட்டினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். மாணவர்களோடு சேர்ந்து 'மனுஷ அங்காதிபாதம்' முதலான நூல்களைத் தமிழில் ஆக்கினார். வேற்று நாட்டவருக்கு அந்த அக்கறை இருந்தது. கணினியும் கைப்பேசியும் வைத்திருக்கும் எங்களுக்கு ஒரு பக்க அறிவித்தல் பாரமா?

எழுதும் சொல்லிலும் கவனம் வேண்டும். "சமூக இடைவெளி" என்று எழுதினார்கள். சாதியின் பேரால் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் வாழும் மண் இது. அவர்கள் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்? உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அந்தச் சொல்லை விட்டு, உடல் இடைவெளி என்று மாற்றிக்கொண்டது. "இரண்டு முழம் தள்ளி நில்லுங்கோ" என்று சொன்னால் வள்ளத்தில் வருகிற எல்லாருக்கும் விளங்கும்.

சொல் விளங்கினாலும், சொல்பவரை நம்பாவிட்டால் பயனில்லை. 2020 ஏப்ரலில், கொவிட்டால் இறந்தோரை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே சொல்லியிருந்தது. முஸ்லிம் சகோதரர்கள் 2021 பெப்ரவரி இறுதி வரை அந்த வேதனையைச் சுமந்தார்கள். பிறகு அடக்கத்துக்கு இரணைதீவைத் தெரிவுசெய்தபோது, தங்களைக் கேளாமல் எடுத்த முடிவென்று அந்த மீனவ மக்கள் போராடினார்கள். கட்டாயமாக எரித்ததற்கு 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மக்களிடம் கேட்காமல் சொல்லும் செய்தி, மூன்று மொழியில் சொன்னாலும் ஊருக்குள் இறங்காது.

இதே கண்ணாடியில் எங்கள் முகத்தையும் பார்ப்போம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகருக்கு அங்கே நாங்கள்தான் பெரும்பான்மை. காய்ச்சலோடு வரும் ஒரு சிங்களத் தாய் தமிழ் மட்டும் எழுதிய பலகைக்கு முன்னால் நின்றால், அவரும் எங்கள் ஆச்சிதான். காது கேளாதவரும், எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைகையும் படமும் வேண்டும்.

ஆகவே இந்த மேடையில் மூன்று வேண்டுகோள். ஒன்று, எந்த அறிவித்தலும் அச்சுக்குப் போகுமுன் ஒரு மீனவருக்கும் ஒரு குடும்பநல மாதுவுக்கும் வாசித்துக்காட்டப்பட வேண்டும். அவர்களுக்கு விளங்காத வரியை மாற்ற வேண்டும். இரண்டு, குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே சனம் ஒரு மணித்தியாலம் கடலில் உட்கார்ந்திருக்கிறது. செய்தி சொல்ல அதைவிட நல்ல வகுப்பறை ஏது? படகில் ஒலிக்கட்டும், கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் ஒலிக்கட்டும். மூன்று, ஒவ்வொரு தாளின் அடியிலும் அந்தத் தீவுக்கான விடை இருக்க வேண்டும்: நோயாளியை ஏற்றும் வள்ளம் எது, எத்தனை மணிக்கு, யாருக்கு அழைப்பது, கடல் கொந்தளித்தால் என்ன வழி.

இதைச் சுகாதாரப் பணிமனைகளிடம் கேட்போம். அவர்கள் தரும்வரை காத்திருக்காமல், எங்கள் சனசமூக நிலையங்களில் இந்த மாதமே எழுதத் தொடங்குவோம். அடுத்த தொற்று வரும்போது, எந்த இறங்குதுறையிலும் ஓர் ஆச்சி தெரியாத ஒருவரிடம் "எந்த வள்ளத்திலை போறது?" என்று கேட்டு நிற்கக் கூடாது. அதற்கான விடை அவர் கையில், அவர் மொழியில், முன்பே இருக்க வேண்டும்.