கழிவு என்னும் கணக்கு



மளிகைக் கடையின் முகப்பில் இக்காலத்தில் பலகைகள் பல தொங்குகின்றன. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்கிறது ஒரு பலகை. எல்லாச் சரக்குக்கும் நூற்றுக்கு 10 தள்ளுபடி என்கிறது மற்றொன்று. 1,000 ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்கு 50 ரூபாய் குறைப்பு என்பது மூன்றாவது. படிப்பவர் மனத்தில் இவையெல்லாம் ஒன்றாகவே பதிகின்றன. கடைக்காரர்களிலும் பலர் இவற்றை ஒன்றாகவே எண்ணுகின்றனர். இவை வெவ்வேறு கணக்குகள். வேறுபாடு அறியாமல் பலகை மாட்டியவர் கடையையே இழக்க நேரும். ஆகவே இதைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

கழிவு கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. கொசுறு என்னும் சொல்லை அறியாத தமிழர் யார்? காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வரும். மளிகைக் கடைக்கு ஏவப்பட்ட சிறுவனின் கையில் ஒரு துண்டு வெல்லமோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ விழும். அந்தப் பொட்டுக்கடலைக்காகவே அண்டைக் கடையை விட்டு மூன்றாம் தெருவுக்கு ஓடிய சிறுவர்கள் உண்டு. கடைக்காரர் தெரிந்தே செய்த தந்திரந்தான் அது; ஆயினும் அதனைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. கொசுறுக்கு ஒரு சிறப்பு உண்டு. கால்படி வாங்கியவனுக்கும் அது கிடைத்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்துக்குத் திரும்பி வருவோம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் எங்கள் ஊரில் மளிகைக் கடை நடத்துகிறார். கடைத்தெருவில் பெரிய அங்காடி ஒன்று திறக்கப்பட்டதும் இவருடைய வாடிக்கையாளர் சிலர் அங்கே சென்றுவிட்டனர். அதற்கு விடையாக இவர், ஒரு மாதத்துக்கு எல்லாச் சரக்கிலும் நூற்றுக்கு 10 தள்ளுபடி என்று அறிவித்தார். கூட்டம் அலை மோதியது. மாத முடிவில் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கக் கையில் பணம் இல்லை. பேரேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, விற்பனை கூடியிருக்கிறது. பணம் எங்கே போயிற்று என்று விளங்கவில்லை" என்றார்.

விளங்காத மாயம் ஒன்றும் அதில் இல்லை. நூற்றுக்கு 10 என்பது விலையில் 10. லாபத்தில் 10 அன்று. 80 ரூபாய் அடக்கமுள்ள மசாலாப் பொடியை 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் 20 ரூபாய். 10 ரூபாய் கழித்தால் லாபம் பாதியாகிறது. முன்பு 100 பொட்டலத்தில் வந்த லாபம் வரவேண்டுமானால் இப்போது 200 பொட்டலம் விற்க வேண்டும். கழிவை 15 ரூபாய் ஆக்கினால் 400 பொட்டலம் விற்க வேண்டும். அத்தனை பேர் ஊரில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மசாலாப் பொடியாவது பொறுக்கும், சர்க்கரை பொறுக்குமா? 46 ரூபாய்க்கு வாங்கி 50 ரூபாய்க்கு விற்கும் சரக்கில் நூற்றுக்கு 10 கழித்தால் விலை 45 ரூபாய். ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு ரூபாய் கையிலிருந்து போகிறது. விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகுகிறது. இல்லத்தரசிகள் கணக்கில் வல்லவர்கள். எந்தச் சரக்கின் விலை வேறெங்கும் குறையாது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் மாணவரின் கடையில் அந்த மாதம் சர்க்கரையும் எண்ணெயும் அரிசியும் பறந்தன. மசாலாவும் சோப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்பது நூற்றுக்கு 50 கழிவு. 30 ரூபாய் அடக்கமுள்ள பிஸ்கட்டின் விலை 50 ரூபாய் என்றால், இரண்டைக் கொடுத்து 50 ரூபாய் பெறும்போது 10 ரூபாய் நஷ்டம். உற்பத்தி செய்யும் நிறுவனமே இரண்டாவது பொட்டலத்தை அனுப்பினாலன்றிச் சிறு கடைக்காரர் இதனைத் தொடக்கூடாது. விதிவிலக்கு ஒன்று உண்டு. பயன்படுத்தும் நாள் முடிவதற்கு ஒரு வாரமே இருந்தால், முழுவதும் குப்பைக்குப் போவதைவிடப் பாதி விலை மேல். ஆனால் அந்த நாளை வாங்குவோர் கண்ணில் படும்படி எழுதி வைத்தல் வேண்டும். இரண்டுக்கு ஒன்று இலவசம் என்பதோ நூற்றுக்கு 33-க்குச் சற்று மேல். முன் சொன்ன பிஸ்கட்டில் அது 10 ரூபாய் லாபமே தரும். கேட்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி போல் இருக்கின்றன. கணக்கில் ஒன்று நஷ்டம், மற்றொன்று லாபம்.

விலையை முதலில் உயர்த்திப் பிறகு இலவசம் என்று எழுதுவோரும் உளர். விலைக்குள்ளேயே அடங்கிய பொருளை இலவசம் என்று நம்பச் செய்வதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வாணிகம் என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது பொய்தானே!

பள்ளியில் நான் விரும்பிக் கொடுத்த கணக்கு ஒன்று இங்கே பயன்படுகிறது. நூற்றுக்கு 20 தள்ளுபடி, அதன்மேல் மேலும் 10 என்று பலகை சொன்னால் மொத்தம் 30 என்று வகுப்பே கத்தும். 100 ரூபாயில் 20 போக 80, அந்த 80-இல் 10 வீதம் 8, மீதி 72. கழிவு 28 தான்.

இனி, 1,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 50 ரூபாய் குறைப்பு என்னும் வகை. கடைக்காரருக்கு இது பாதுகாப்பானது. சரியாக 1,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 5. 2,000 ரூபாய்க்கு வாங்கினால் இரண்டரைதான். ஆனால் இதில் யார் விடுபடுகிறார் என்று பாருங்கள். மாதச் சம்பளம் பெறுபவர் முதல் வாரத்தில் 3,000 ரூபாய்க்கு ஒரேயடியாக வாங்குகிறார். அவருக்குக் கழிவு உண்டு. அன்றாடம் கூலி பெறுபவர் மாலையில் வந்து 100 ரூபாய்க்கு வாங்குகிறார். முப்பது நாளில் அவர் வாங்குவதும் அதே 3,000 ரூபாய். அவருக்கு ஒன்றுமில்லை. பெரிய பொட்டலத்தில் விலை மலிவு என்பதும் பெரும்பாலும் இவ்வாறே. பணம் உள்ளவனுக்குத் தள்ளுபடி, இல்லாதவனுக்கு முழுவிலை. கொசுறு இப்படிச் செய்ததில்லை.

இந்த முடிச்சை அவிழ்த்த எளிய மனிதர் சிலரின் வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844 டிசம்பர் 21ஆம் நாள், நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து தோட் லேன் என்ற தெருவில் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி என்று சில சரக்குகளே இருந்தன. அவர்கள் விலையைக் குறைக்கவில்லை. கடைத்தெரு விலைக்கே விற்றனர். எடை சரி, சரக்கில் கலப்படம் இல்லை. கிடைத்த லாபத்தை, உறுப்பினர் ஒவ்வொருவரும் எவ்வளவு வாங்கினாரோ அந்த வீதத்தில் பின்னர் திருப்பிக் கொடுத்தனர். சிறுகச் சிறுக வாங்கினாலும் மொத்தமாக வாங்கினாலும் பங்கு ஒரே வீதந்தான். முதலில் லாபம், பிறகு கழிவு. ஆகவே கழிவால் கடை மூழ்க வழியில்லை. அந்த வழியைப் பின்பற்றி 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது.

என் மாணவரின் கடை கூட்டுறவுக் கடை அன்று. ஆயினும் முறையைக் கடன் வாங்குவதில் தவறில்லையே! இருவரும் இரண்டு மாலை உட்கார்ந்து சரக்குகளைப் பிரித்தோம். அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றில் பலகைக் கழிவு கிடையாது. மசாலா, சோப்பு, உலர்பழம் முதலியவற்றில் வாரம் ஒரு சரக்குக்கு மட்டும் நூற்றுக்கு 10. நிறுவனம் தரும் இலவசம் வந்தால் மறைக்காமல் வாங்குவோரிடம் சேர்ப்பித்தல். இவற்றோடு, விரும்புவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு குறிப்பேடு. வாங்குவது 20 ரூபாய்க்கானாலும் அதில் எழுத வேண்டும். மாத முடிவில் கூட்டி, நூற்றுக்கு 2 வீதம் சரக்காகக் கொடுக்க வேண்டும். 3,000 ரூபாய் வாங்கியவருக்கு 60 ரூபாய்ச் சரக்கு. அவர் கடையின் சராசரி லாபம் நூற்றுக்கு 12. எனவே 360 ரூபாயில் 60 போக 300 ரூபாய் நிற்கிறது. அதற்குமேல் இறங்க நான் சம்மதிக்கவில்லை. கடை வாடகை, மின்சாரம், எடுபிடிப் பையனின் சம்பளம் எல்லாம் அந்த 300 ரூபாயிலிருந்துதான் வரவேண்டும்.

எழுதுவதற்குச் சோம்பல் ஏற்படும் என்று அஞ்சினேன். கூலிக்குப் போகும் பெண்களே குறிப்பேட்டை நீட்டி, எழுதிய தொகையை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்கின்றனர் என்று கடைக்காரர் கூறுகிறார்.

ஒரு சிக்கல் மட்டும் நின்றது. பற்றில் வாங்குவோருக்கும் இந்தக் கழிவு உண்டா? கடனுக்குக் கழிவு எதற்கு என்பது அவர் வாதம். பற்றில் வாங்குபவர்தாமே மிகவும் முடையில் இருப்பவர் என்பது என் வாதம். இறுதியில், குறிப்பேட்டில் அவர்களுடைய கொள்முதலையும் எழுதுவது, நூற்றுக்கு 2 வீதத்தைச் சரக்காகத் தராமல் பாக்கியில் கழித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆறு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். இது நான்காவது மாதம்.