சுங்கவரி நீங்கிய சந்தையில் சட்டத்தின் பணி
(பொருளாதார மாணவர்களுக்கு ஐரோப்பியச் சட்டத்தை அறிமுகப்படுத்தும் உரை)

பொருளாதாரப் பாடநூல்கள் சுங்க ஒன்றியத்தை ஒரு வரைபடத்தைக் கொண்டு விளக்கிவிடுகின்றன. வரிக்கோடு இறங்குகிறது, விலை குறைகிறது, வாணிபம் பெருகுகிறது. ஐரோப்பாவில் நடந்தது அவ்வளவு எளிதன்று. பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஆறு நாடுகள் 1957 மார்ச் 25-ஆம் நாள் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தமக்குள் விதித்துவந்த சுங்கவரிகளை, குறித்த கெடுவுக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே, 1968 ஜூலை 1-ஆம் நாளன்று அவை அகற்றிவிட்டன. ஆயினும் சரக்குகள் பல எல்லையைக் கடக்கவில்லை. அவற்றை நகர்த்தியது எது என்பதே பொருளாதார மாணவர் ஐரோப்பியச் சட்டத்தில் முதலில் கற்கவேண்டியது.

1960-இல் வான் கெண்ட் என் லோஸ் என்னும் டச்சு நிறுவனம் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை இறக்குமதி செய்தது. நெதர்லாந்து தன் சுங்கப் பட்டியலைத் திருத்தி, அப்பொருளை வேறொரு தலைப்பின்கீழ் மாற்றியிருந்தபடியால், 3 சதவீத வரி 8 சதவீதமாயிற்று. இருக்கும் வரியை உயர்த்தலாகாது என்பது உடன்படிக்கையின் 12-ஆவது விதி. ஆனால் உடன்படிக்கை செய்துகொண்டவை அரசுகள். அதைக் காட்டி ஒரு வணிகர் வழக்காட முடியுமா? முடியும் என்று லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1963 பிப்ரவரி 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. விதி தெளிவானது, நிபந்தனையற்றது. ஆகவே தனிமனிதரும் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே அதன் பயனைக் கோரலாம் என்பது அதன் கருத்து. இதன் விளைவாக, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் வேலை பிரஸ்ஸல்ஸ் அலுவலர்களோடு நின்றுவிடாமல் ஆயிரக்கணக்கான வணிகர்கள் கைக்கும் சென்றது. வரி கட்டுபவரைவிட விழிப்பான கண்காணிப்பாளர் வேறு எவர்?

அடுத்த ஆண்டே, மின்சாரம் நாட்டுடைமையாக்கப்பட்டதை எதிர்த்துச் சிறு தொகைக்கான மின்கட்டணத்தைச் செலுத்த மறுத்த ஓர் இத்தாலிய வழக்கறிஞரின் வழக்கில், ஐரோப்பியச் சட்டமும் நாட்டுச் சட்டமும் முரண்பட்டால் முன்னதே மேலோங்கும் என அந்நீதிமன்றம் கூறிற்று. இவ்விரு தீர்ப்புகளே அடித்தளம். ஒழுங்குவிதி எனப்படும் சட்டம் எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரே செல்லும் என்பதையும், நெறியாணை எனப்படுவது இலக்கை மட்டும் விதித்து வழியை அந்தந்த நாட்டுக்கு விடும் என்பதையும் சேர்த்து அறிந்துகொண்டால் போதும். மற்ற நுணுக்கங்கள் சட்டக் கல்லூரிக்குரியவை.

பொருளியலார் ஆழ்ந்து நோக்கவேண்டிய இடம் வேறு. உடன்படிக்கையின் 30-ஆவது விதி, இப்போது 34-ஆவது விதியாக உள்ளது, இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளையும் அவற்றுக்கு ஒப்பான விளைவுடைய நடவடிக்கைகளையும் தடுக்கிறது. ஒப்பான விளைவுடையது எது? அக்கால ஜெர்மானியச் சட்டப்படி பழமதுவில் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் இருக்கவேண்டியிருந்தது. பிரான்சில் தீஜோன் நகரின் பெயரால் விற்கப்படும் காஸிஸ் என்னும் பழமதுவிலோ 15 முதல் 20 சதவீதமே உண்டு. அதை ஜெர்மனிக்குக் கொண்டுவரத் தடையில்லை; விற்கத்தான் தடை. ரீவே என்னும் ஜெர்மன் வணிக நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஆல்கஹால் குறைந்த மது மக்களை எளிதில் பழக்கத்துக்கு உள்ளாக்கும் என்று ஜெர்மன் அரசு வாதிட்டது. மக்கள் நலனின் பெயரால் கூடுதல் ஆல்கஹாலை வற்புறுத்திய விசித்திரமான வாதம் அது! சந்தையில் மென்மையான மதுவகைகள் ஏராளமாக உள்ளன, கடுமையான மதுவும் நீர் கலந்தே பெரும்பாலும் அருந்தப்படுகிறது என்று கூறி நீதிமன்றம் அதை 1979 பிப்ரவரி 20-ஆம் நாள் தள்ளியது. நுகர்வோரைக் காக்கப் புட்டியின்மேல் ஆல்கஹால் அளவைக் குறிக்கும் சீட்டே போதும். ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி தயாரித்து விற்கப்படும் பொருளை, தகுந்த காரணமின்றி மற்றொரு நாடு மறுக்கலாகாது.

சுங்கவரி அரசுக்கு வருவாயேனும் தரும்; இத்தகைய தரவிதியோ வருவாய் ஏதுமின்றி உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் காப்பு அளிக்கிறது. அதன் அளவும் பட்டியல் எதிலும் காணப்படுவதில்லை. தரவிதிகளை ஒன்றுபடுத்த அதுவரை அரசுகளின் ஒருமனதான ஒப்புதல் தேவைப்பட்டதால், வேலை ஆமைவேகத்தில் நகர்ந்தது. பரஸ்பர ஏற்பு என்னும் கோட்பாடு அந்தச் சுமையைக் குறைத்தது. 1986-இல் கையெழுத்தான ஒற்றை ஐரோப்பியச் சட்டம் பல துறைகளில் பெரும்பான்மை வாக்கெடுப்பை அனுமதித்தது. 1516-ஆம் ஆண்டு பவேரிய ஆணையை மூலமாகக் கொண்ட ஜெர்மானிய பீர் தூய்மை விதிகூட, இறக்குமதியைத் தடுக்கும் அளவில், 1987-இல் வீழ்ந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். கண்டிப்பான நாட்டின் நல்ல விதியும் இதனால் நீர்த்துப்போகாதா? அச்சம் நியாயமானதே. பொதுச் சுகாதாரம், நுகர்வோர் பாதுகாப்பு போன்ற காரணங்களை நீதிமன்றம் ஏற்கவே செய்கிறது. ஆனால் காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு தடைவிதிக்கும் அரசைச் சாரும். வணிகர்களும் எல்லை மீறினர்; கடை நடத்தும் முறை பற்றிய ஒவ்வொரு விதியையும் வாணிபத் தடை என வழக்காடலாயினர். நட்டவிலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுத்த பிரெஞ்சுச் சட்டம் பற்றிய 1993-ஆம் ஆண்டுக் கெக் வழக்கில், உள்நாட்டுப் பொருளையும் வெளிநாட்டுப் பொருளையும் ஒன்றாக நடத்தும் விற்பனை முறை விதிகள் 30-ஆவது விதிக்குள் வாரா என நீதிமன்றம் தன் வேலியைச் சற்று உள்ளே நகர்த்திக்கொண்டது.

இந்திய ஏற்றுமதியாளருக்கும் இதில் அக்கறை உண்டு. ராட்டர்டாம் துறைமுகத்தில் சுங்கவரி செலுத்தப்பட்டு முறைப்படி இறங்கிய சரக்கு, மற்ற உறுப்பு நாடுகளுக்குச் செல்லும்போது மீண்டும் சுங்கவரிக்கு உட்படுவதில்லை.

2020 ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிற்று. 2021 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, தோற்ற விதிகளை நிறைவேற்றும் சரக்குகளுக்கு இரு தரப்பிலும் சுங்கவரி இல்லை, அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆயினும் பிரிட்டனிலிருந்து ஒன்றியத்துக்குச் செல்லும் இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் அந்நாள் முதல் சுகாதாரச் சான்றிதழ் வேண்டியதாயிற்று.