சந்தடியில் கற்றல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கவனம் சிதறாமல் கற்பது எப்படி' என்னும் பொருளில் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். இப்பொருளுக்கு அவர் என்னைத் தேர்ந்ததில் சிறு குறும்பு ஒன்று மறைந்திருக்கிறது. ஒரு வேலையை ஏறத்தாழ முப்பது ஆண்டு ஒத்திப்போட்டவன் நான் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே கற்றுத் தேர்ந்தவனாக அன்றி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவனாகவே என்னை எண்ணிக் கேட்க வேண்டுகிறேன்.

1985-ஆம் ஆண்டில், திருவரங்கத்தில் எங்கள் தெருவில் வாழ்ந்த தமிழாசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு தடித்த குறிப்பேட்டைக் கையில் கொடுத்தார். அவருடைய தந்தையார் இவ்வட்டாரத்துப் புலவர்களிடமும் முதியவர்களிடமும் கேட்டெழுதிய தனிப்பாடல்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பாடல் பிறந்த சூழல் பற்றிய குறிப்பு. மொத்தம் 186 பக்கங்கள். கூட்டெழுத்தும் அடித்தல் திருத்தலுமாக இருந்த அதைப் படித்து நல்ல பிரதி ஒன்று எழுதித் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. அப்போது தெற்கே ராயர் கோபுரத்தில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. "தம்பி, இந்தக் கோபுரம் முடிவதற்குள் நீ முடித்துவிடுவாயா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "அதற்கு முன்பே முடித்துவிடுகிறேன், ஐயா" என்றேன்.

அந்தக் கோபுரத்தின் கதை இங்குள்ளோர் அனைவரும் அறிந்ததே. என் இளமையில் அதற்கு மொட்டைக் கோபுரம் என்றே பெயர். நாயக்கர் காலத்துக்கும் முன்பு, விசயநகர வேந்தர் காலத்தில் எழுந்த அடித்தளம், நானூறு ஆண்டுகளாக மேலே ஒரு நிலையும் ஏறாமல் நின்றது. அதன் நிழலில் வண்டி மாடுகள் இளைப்பாறின. அதன் ஊடே நாங்கள் பள்ளிக்குச் சென்றோம். முற்றுப்பெறாத ஒன்று நெடுங்காலம் அப்படியே நின்றுவிட்டால், அதுவே அதன் இயல்பான உருவம் என்று கண் பழகிவிடுகிறது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் சீயர் 1979-இல் அப்பணியைத் தொடங்கினார். 1987 மார்ச் 25 அன்று பதின்மூன்று நிலைகளுடன், 236 அடி உயரத்தில், அதற்குக் குடமுழுக்கு நடந்தது. நானூறு ஆண்டுத் தேக்கத்துக்கு எட்டு ஆண்டு வேலையே போதுமானதாக இருந்தது. குடமுழுக்கன்று கூட்டத்தில் அந்தத் தமிழாசிரியரைத் தொலைவில் கண்டேன். கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தைக்கூட நான் பிரதி செய்திருக்கவில்லை.

ஏன் செய்யவில்லை என்று கேட்டால் அன்று என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. திருவரங்கத்தில் வாழ்பவனுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. பஞ்சாங்கமே எடுத்துக் கொடுக்கும். சித்திரையில் தேர். ஆடியில் பதினெட்டாம் பெருக்கு; வீடு கொள்ளாத உறவினர். ஐப்பசியில் துலா நீராட வருவோர். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து. இடைப்பட்ட நாட்களில் ஒலிபெருக்கி; இரவில் காவிரிப் பாலத்தைக் கடக்கும் மலைக்கோட்டை விரைவு வண்டி. இந்தச் சந்தடியில் கூட்டெழுத்தைப் பிரித்துப் படிப்பது எங்ஙனம்? அமைதியான ஓர் அறையும் தொடர்ந்தாற்போல் ஒரு மாத விடுப்பும் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று குறிப்பேட்டைப் பரணில் வைத்தேன்.

இவ்விடத்தில் நம் ஊர் மகாவித்துவானை நினைவுகூர வேண்டும். 1815-இல் பிறந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு இளமையில் அதவத்தூரும் பிறகு திரிசிரபுரமுமே கல்விச்சாலை. தந்தையை இளமையிலேயே இழந்தவர், வறியவர். உறையூருக்குத் தலபுராணமும் ஆனைக்கா அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழும் பாடிய அப்பெரும்புலவர் கற்ற காலத்தில் அச்சுநூல்கள் மிக அரிது. ஏடு எவரிடம் இருக்கிறதோ அவர் வாயிலில் நின்றாக வேண்டும். தண்டியலங்காரத்தைப் பாடங்கேட்க அவர் பட்டபாட்டை உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதில் வல்லவராக இங்கே கிடைத்தவர், தெருத்தெருவாகப் பிச்சையெடுத்து உண்ட ஒரு பரதேசி. அவர் எளிதில் இணங்குபவரும் அல்லர். பிள்ளை என்ன செய்தார்? அவர் பிச்சைக்குப் புறப்படும்போது தாமும் உடன் புறப்பட்டார். அவர் மனம் கோணாதபடி ஏவல் செய்து, தெருவில் நடந்தபடியே ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார்.

அந்தக் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மலைக்கோட்டையைச் சுற்றிய வீதிகள். கடைக்காரரின் கூவல், குதிரை வண்டி, நாய்க் குரைப்பு. ஒரு வீட்டு வாயிலில் அரிசி விழும். மறுவீட்டில் 'போய்விட்டு வா' என்பார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அணிக்கு இலக்கணமும் உதாரணமும். இதைவிடக் கவனம் சிதறும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்க முடியுமா? ஆனால் நின்றுபோனால் பாடம் போய்விடும். பரதேசி அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நாளைக்கு அவர் இவ்வூரில் இருப்பாரா என்பதே உறுதியில்லை. பிள்ளையின் காதைக் கூர்மையாக்கியது அந்த உறுதியின்மையே என்பது என் எண்ணம்.

இதே காட்சி ஒரு தலைமுறைக்குப் பின் மாயூரத்தில் வேறு வடிவில் நடக்கிறது. 1871-இல் உ.வே.சா. மாணவராக வந்து சேர்கிறார். ஆசிரியருக்கோ ஓயாத வேலை. பார்க்க வருவோர் ஏராளம். பாடம் தொடங்குவது எளிதாக இல்லை. பிள்ளைக்குத் தம் தோட்டத்துச் செடிகொடிகளில் புதுத் தளிர் அரும்புவதைக் காண்பதில் பேரின்பம். மாணவர் அதைக் கண்டுகொண்டார். விடியலில் எழுந்து, எந்தக் கிளையில் எத்தளிர் புதிதாக விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் தோட்டத்துக்கு வந்ததும் அவற்றைக் காட்டுவார். உள்ளம் மகிழ்ந்த ஆசிரியரிடம் அப்படியே பாடத்தையும் தொடங்கிக்கொள்வார். இதை உ.வே.சா. தம் வரலாற்றில் 'தளிர் ஆராய்ச்சி' என்று நகைச்சுவையோடு குறிக்கிறார். ஆசிரியரின் கவனம் எங்கே போகிறதோ அங்கே போய் நின்றுகொண்டார் மாணவர். பரதேசியின் பின்னே போன அதே நடைதான் இது. தம் மாணவர் செய்வது இன்னதென்று பிள்ளைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அம்மகாவித்துவானும் காலந்தாழ்த்துவதில் நம்மினத்தவரே என்பதைச் சொன்னால் இங்குள்ள கவிஞர்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். புராணம் முழுவதையும் எழுதி முடித்துக்கொண்டுதான் அரங்கேற்றத்துக்குப் போனார் என்பதில்லை. அவைக்கு வேண்டிய பாடல்களை அன்றன்று சொல்லி, மாணவர் எழுத, அவை அரங்கேறிய நாட்களும் உண்டு. வழிப்பயணத்தில், ஆடி அசையும் வண்டியில் இருந்தபடி அவர் பாடல் சொல்ல, உ.வே.சா. ஏட்டில் எழுதியதும் உண்டு. மாலையில் அவை கூடிவிடும். எதிரே மாணவர் எழுத்தாணியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அத்தகைய வேளையில் எந்த ஓசை செவியில் ஏறும்? தனியறையில் கதவைத் தாழிட்டுக்கொண்ட எனக்கோ எதிரே காத்திருப்பவர் எவருமில்லை. ஆகவே ஈ பறந்தாலும் அது எனக்கு இடையூறாகவே இருந்தது.

கவனம் நம்மிடம் இல்லாத பொருள் அன்று. உறையூர் மல்லன் பிள்ளை உறங்காவில்லியின் கதையைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. அரங்கத்துத் திருவிழாக் கூட்டத்தில், காவிரி மணலில், தன் மனைவி பொன்னாச்சியின் கண்களை மட்டும் பார்த்தபடி, அவளுக்கு வெயில் படாமல் குடை பிடித்து நடந்தான் அவன். ஊரே நகைத்தது. இராமாநுசர் மட்டும் நகைக்கவில்லை. அவனை அழைத்து, இதனினும் அழகிய கண்களைக் காட்டுகிறேன் என்று அரங்கனின் முன்னே நிறுத்தினார் என்பது வரலாறு. சமயப் பொருளை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அன்று அத்தனை பெரிய கூட்டத்தில் ஒன்றையே உற்றுநோக்கிய மனிதன் அவன் ஒருவன்தான். இராமாநுசர் கண்டது அந்த நோக்கை. அதைத் திருப்பிவிட ஒருவர் தேவைப்பட்டார். புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே இளைஞர்கள் சிலர் கைப்பேசியைப் பற்றி நான் ஏதேனும் சொல்வேன் என்று எதிர்பார்ப்பது தெரிகிறது. அதைத் திட்டுவதற்கு எனக்கு உரிமையில்லை. அது என் கைக்கு வருவதற்கு முன்பே பதினைந்து ஆண்டுகளை வீணாக்கிக் காட்டியவன் நான். அந்நாளில் பென்சில் சீவியே ஒரு காலைப்பொழுதைக் கழித்திருக்கிறேன். ஆனால் ஒன்று. முன்பு நான் வீணாக்க எழுந்து நடக்க வேண்டியிருந்தது; காப்பிக் கடை வரையிலாவது போக வேண்டும். இப்போது அந்த நடையும் மிச்சம்.

ஓசை நல்லது என்று நான் வாதாடுவதாகவும் கொள்ளற்க. விடவேண்டியதை விட்டுத்தான் ஆகவேண்டும். அதுவும் பெரும்பாலும் நல்லதொன்றாகவே இருக்கும். மாயூரத்தில் உ.வே.சா.வுக்குக் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் தந்தையாரின் விருப்பமும் அதுவே. ஆனால் இசையில் மனம் சென்றால் இலக்கணக் கல்வி தளரும் என்பது பிள்ளையின் கருத்து. அதை அறிந்ததும் உ.வே.சா. அப்பயிற்சியை விட்டுவிட்டார். பிள்ளையின் கருத்து சரியா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. இசையறிவு அவருக்குத் தமிழில் துணையாகவே இருந்திருக்கும். எனினும் அந்த வயதில், அந்த ஐந்து ஆண்டுகளில், 1876-இல் ஆசிரியர் மறைவதற்குள் பெறவேண்டியதைப் பெற்றார். மீதி காலம் எவ்வளவு என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

எனக்குக் கிடைத்த காலம் அதைவிட நெடிது. 1996-இல் அந்தத் தமிழாசிரியர் காலமானார். கடைசிவரை அவர் என்னிடம் குறிப்பேட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதன்பின் பரணைப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

பத்தாண்டுகளுக்கு முன் இந்த வட்டத்தின் மூன்றாவது கூட்டத்தில், பேச்சுவாக்கில் அந்தக் குறிப்பேட்டைப் பற்றி வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அடுத்த மாதம் ஒரு பக்கம் மட்டும் படித்துக் காட்டுங்களேன்" என்றார் நம் கவிஞர் ஒருவர். அவர் பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. விடியலில், அடுக்களையில், குக்கரின் இரண்டாம் கூவலுக்கும் மூன்றாம் கூவலுக்கும் இடையே கவிதை எழுதும் பெண்மணி அவர். தமக்கென்று அறை வேண்டும் என்று ஒருநாளும் கேட்டவரல்லர், கேட்டிருக்க வேண்டும் என்பது வேறு செய்தி. அன்று மறுக்க வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டேன்.

பரணிலிருந்து இறக்கியபோதுதான் கண்டேன். ஏதோ ஒரு மழைக்காலத்தில் ஓட்டின் வழியே நீர் இறங்கியிருக்கிறது. தொடக்கத்துப் பதினொரு பக்கங்களில் மசி கரைந்து நீலக்கறையாகப் பரவிக் கிடந்தது. 1985-இல் அந்தப் பக்கங்களைத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் எதிரிலேயே, நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று அவை தெளிவாக இருந்தன. உறையூர்ப் புலவர் ஒருவர் கடன்காரருக்கு எழுதிய சீட்டுக்கவி ஒன்று அங்கே இருந்தது என்பது வரை நினைவிருக்கிறது. அதில் ஓர் அடிகூட நினைவில்லை. வேறெங்கும் அது எழுதப்பட்டிருப்பதாகவும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினேன். மாதம் ஒரு பக்கம். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு உட்கார்ந்து எழுதிய மாதங்களே மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒலிபெருக்கி அப்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தது, இரயிலும் போயிற்று. நோயினாலும் பிறவற்றாலும் சில மாதங்கள் தவறின. நீங்கள் கேட்டவை இதுவரை 104 பக்கங்கள். இன்னும் 71 இருக்கின்றன. கணக்குப் பார்த்தேன், மாதம் ஒன்று என்றால் ஏறத்தாழ ஆறு ஆண்டு ஆகும். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே வரும் மாதம் முதல் இரண்டு பக்கங்களாகக் கேட்பதற்கு உங்கள் இசைவை வேண்டுகிறேன்.

வரும் கூட்டத்துக்கு உரியவை 116-ஆம், 117-ஆம் பக்கங்கள். 116-இல் ஒரு வெண்பாவின் இரண்டாம் அடியில் தனிச்சொல்லுக்கு முந்திய சீரில் ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. 'கரை' என்றும் படிக்கலாம், 'சுரை' என்றும் படிக்கலாம். தளை இரண்டுக்கும் பொருந்துகிறது. குறிப்பேட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். பழைய கையெழுத்தில் பழக்கமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் சற்று அருகே வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.