அம்மாவின் மோதிரத்துக் கல்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஏதாவது சொல்லுவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் ஒரு கல்லைப் பற்றிப் பேசப்போகிறேன்.

அம்மாவிடம் கருஞ்சிவப்புக் கல் வைத்த மோதிரம் ஒன்று இருந்தது. அம்மப்பா இரத்தினபுரியில் வேலைசெய்த காலத்தில் வாங்கிய கல். வீட்டில் எல்லோருக்கும் அது மாணிக்கம். 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அம்மாவின் விரலிலேயே அதுவும் வந்தது. பிறகு வந்த நெருக்கடிகளில் சங்கிலி அடைவுக்குப் போனது, காப்பு விற்கப்பட்டது. மோதிரத்தை மட்டும் அம்மா தொடவிடவில்லை. "ஒண்டுக்கும் வழியில்லாட்டி மாணிக்கம் கிடக்குத்தானே" என்பா. நான் மருத்துவ பீடத்துக்குப் போனதும் அந்தத் தைரியத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கல் மோதிரத்திலிருந்து கழன்றுவிட்டது. திரும்பப் பதிப்பதற்கு முன் கொழும்பில் இரத்தினக்கற்களைப் பரிசோதிக்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் வேலைசெய்த ஒழுங்கு எனக்குப் பழக்கமானது. முதலில் கண்ணால் பார்த்தார். பட்டைகளின் விளிம்புகள் தேய்ந்திருந்தன. மாணிக்கத்தின் கடினம் மோசு அளவுகோலில் 9. சாதாரண தூசியிலுள்ள குவார்ட்சு மணலின் கடினம் 7. அந்தத் தூசி மாணிக்கத்தை இப்படித் தேய்க்காது. அடுத்து முறிவுச் சுட்டியை அளந்தார். மாணிக்கத்துள் புகும் ஒளி இரண்டாகப் பிரியும். அதனால் இரண்டு வாசிப்புகள் கிடைக்கும். இந்தக் கல் ஒரே வாசிப்பைத் தந்தது: 1.78. புறஊதா ஒளியில் இலங்கை மாணிக்கம் பெரும்பாலும் செந்தணலாய் ஒளிரும். இது இருண்டே கிடந்தது. கடைசியாகக் கல்லை நுரைப்பஞ்சில் வைத்து நீரில் மிதக்கவிட்டு, வலிமையான காந்தமொன்றைக் கிட்டக் கொண்டுவந்தார். கல் மெதுவாகக் காந்தத்தை நோக்கி வந்தது.

"டொக்டர், இது கார்னெற். அல்மண்டைன் வகை" என்றார்.

நோயாளருக்குக் கசப்பான செய்தி சொல்வது என் தொழில். ஆனாலும் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மாணிக்கம் இல்லையெண்டா, அப்ப இது என்ன?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன்.

கார்னெற் என்பது தனியொரு கல்லின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். எல்லாம் சிலிக்கேற்றுகள், எல்லாவற்றுக்கும் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட முறை ஒன்றே. அந்த அடுக்கில் இரும்பும் அலுமினியமும் அமர்ந்தால் அல்மண்டைன். இரும்பின் இடத்தில் மக்னீசியம் வந்தால் பைரோப், மங்கனீசு வந்தால் ஸ்பெசார்ட்டைன், கல்சியம் வந்தால் குரோசுலர். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகம் இந்தக் குரோசுலரின் தேன்நிற வகைதான். எங்கள் கல்லின் சிவப்புக்குக் காரணம் இரும்பு. காந்தம் இழுத்ததும் அதனால்தான். மாணிக்கத்தின் சிவப்புக்குக் காரணம் குரோமியம்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் இது விளையாது. இதற்குப் பெரும் வெப்பமும் அமுக்கமும் வேண்டும். இலங்கையின் நடுப்பகுதிப் பாறைகளில் ஒரு பங்கு ஒருகாலத்தில் நீரடியில் படிந்த களிமண். ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு எங்கள் தீவும் நெருக்கப்பட்டுக் கொண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவானது. அப்போது அந்தக் களிமண் பல கிலோமீற்றர் ஆழத்துக்குப் புதைந்து, 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தது. அது உருகி ஓடவில்லை. திண்மமாக இருந்தபடியே அதன் மூலகங்கள் இடம்மாறிப் புதிய பளிங்குகளாகின. அவற்றுள் ஒன்று கார்னெற். தடையின்றி வளர்ந்தால் பன்னிரண்டு சாய்சதுர முகங்களோடு, பட்டை தீட்டியதுபோலவே பாறைக்குள் இருக்கும்.

வளரும்போது அது தன் வரலாற்றையும் பதிந்துகொள்ளும். பக்கத்திலுள்ள கருமைக்காவுக்கும் தனக்குமிடையே இரும்பையும் மக்னீசியத்தையும் எந்த விகிதத்தில் பகிர்ந்தது என்பதைக் கொண்டு, பாறை எவ்வளவு சூடேறியது என்று புவிச்சரிதவியலாளர் கணிப்பர். நான் நோயாளருக்கு வைக்கும் வெப்பமானியின் வேலைதான். மிகையாக வெந்த பாறைகளில், எங்கள் நாட்டுப் பாறைகள் பலவற்றிற்போல, பழைய பதிவு பெருமளவு அழிந்துபோயிருக்கும். நுணுக்குக்காட்டியில் எங்கள் கல்லுக்குள் மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று குறுக்கறுத்துக் கிடந்ததைக் கண்டேன். அவை உரூற்றைல் என்ற கனியம். அவ்வளவு அழகான ஒன்றை நான் என் தொழிலில்கூட அதிகம் கண்டதில்லை.

பிறகு மலை தேய்ந்தது. மழை பாறையைக் கரைத்தது, கார்னெற் கரையவில்லை. ஆற்றோடு உருண்டு, மணலைவிடப் பாரமானதால் அடியில் தங்கியது. குவார்ட்சின் அடர்த்தி 2.65, அல்மண்டைனின் அடர்த்தி ஏறத்தாழ 4. அப்படித் தங்கிய பரற்படையைச் சிங்களத்தில் "இல்லம" என்பர். இரத்தினபுரியில் குழி வெட்டி, அந்தப் பரலைக் கூடையில் அரித்துத்தான் கல் எடுக்கிறார்கள். நீலக்கல்லும் மாணிக்கமும் கார்னெற்றும் ஒரே கூடையில் வரும்.

இன்னொன்றும் விளங்கியது. சிங்களத்தில் "மெனிக்" என்றால் எந்த இரத்தினக்கல்லும் அடங்கும். சிவப்பு மெனிக் என்று விற்றவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். மாணிக்கம் என்று கேட்டது எங்கள் காது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்க, அம்மா கல்லை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "நல்ல காலம், விக்கக் கொண்டுபோகேல்லை. அண்டைக்கே தெரிஞ்சிருந்தா நான் பயந்திருப்பன்" என்றா.

தங்கைமாரே, கல் வாங்குமுன் பரிசோதித்து வாங்குங்கள். இன்று சந்தையிலுள்ள மாணிக்கங்களில் பெரும்பாலானவை சூடாக்கி நிறம் திருத்தப்பட்டவை. கார்னெற் பொதுவாக மண்ணிலிருந்து வந்த நிறத்தோடேயே விரலுக்கு வருகிறது. அதன் விலை குறைவு. ஆனால் இன்னதென்று தெரிந்துகொண்ட பிறகும் அம்மா அதை மோதிரத்தில் திரும்பப் பதிக்கச் சொன்னா. இப்போது அது என் விரலில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். மாணிக்கம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.