முதற் பாத்தி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் எல்லைகள் மாற்றி வகுக்கப்பெற்றபோது, விளவங்கோடு தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பிழைப்பை நாடிப் பாறசாலைப் பக்கம் குடியேறிய நாம், இன்றும் கறிக்குக் காய் வேண்டுமெனில் களியக்காவிளைச் சந்தையையே நோக்குகின்றோம். வீட்டின் பின்புறத்து நிலமோ புல் மண்டிக் கிடக்கின்றது.

நாம் முயலாமல் இல்லை. ஆனித் திங்களில் செங்கீரை விதைத்தோம். முளை கண்டு குழந்தைகள் துள்ளினர். பின்னர் அடைமழை பிடித்தது. இலைதோறும் வெளிறிய புள்ளிகள் படர்ந்தன. கீரை கறிக்கு உதவாது போயிற்று. தென்னை நிழலில் நட்ட வெண்டையோ நெடிது வளர்ந்ததேயன்றிக் காய்க்கவில்லை. "நமக்குக் கைராசி இல்லை" என்று பலர் மண்வெட்டியை மூலையில் சார்த்தினர். குழந்தைகளும் அப்பக்கம் செல்வதை விட்டனர். அதுவே பெரிய இழப்பு.

அன்பர்களே, குறை கையில் இல்லை. காலத்திலும் இடத்திலும் இருந்தது.

இந்நாட்டில் மழை இருமுறை வரும். வைகாசி நடுவில் தொடங்குவது இடவப்பாதி. ஐப்பசியில் பெய்வது துலாவர்ஷம். இவ்விரண்டும் ஓய்ந்த கார்த்திகையே புதியவர்க்கு ஏற்ற தொடக்கம். நீர் ஊற்றும் உழைப்பு உண்டு, அழுகல் குறைவு. இங்குள்ள செம்புறை மண் புளிப்புடையது. ஆதலின் விதைப்பதற்கு இரு வாரம் முன்னரே சுண்ணாம்பு தூவிக் கொத்துக. பின்னர் மட்கிய சாண எரு இடுக. வெயில் படும் இடத்தைக் கீரைக்கும் வெண்டைக்கும் பயற்றுக்கும் கொடுங்கள். தென்னை நிழலைச் சேனைக்கும் சேம்புக்கும் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் விடுங்கள். சேனை நட உகந்தது மாசித் திங்கள். நம் அயலார் அதனைக் கும்ப மாதம் என்பர்.

முதலாண்டில் ஒரே பாத்தி போதும். அதில் கீரை விதையுங்கள். ஏறத்தாழ ஒரு திங்களில் கறிக்கு ஆகும். ஊக்கம் தளருமுன்னே பயன் கைக்கு வரும்.

மழைக்காலத்திலும் கீரை வேண்டுவோர்க்கு ஒரு வழி உண்டு. கோவையில் உருவான 'கோ-1' எனும் பச்சைக் கீரை அப்புள்ளி நோயைத் தாங்கவல்லது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் 'அருண்' எனும் செங்கீரையோடு அதனைக் கலந்து விதைத்தால், செங்கீரையிலும் நோய் குறையும். கோவைக் கீரை ஒரே பாத்தியில் நின்று கேரளக் கீரையைக் காக்கின்றது! எல்லையில் வாழும் நமக்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

ஐயம் எழுந்தால் ஊராட்சியின் கிருஷி பவனுக்குச் செல்லுங்கள். மொழி குறித்துத் தயங்க வேண்டா. கையில் கொண்டுசெல்லும் நோயுற்ற இலையே நம் வினாவை எடுத்துச் சொல்லும்.

மூலையில் சார்த்திய மண்வெட்டியை எடுப்போம்; விதையைக் குழந்தைகளின் கையால் தூவச் செய்வோம். அடுத்த ஆண்டு விழா விருந்தின் கீரை நம் பாத்திகளிலிருந்தே வரட்டும்.