எட்டு மணி மருந்து
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவென்றால் இலக்கியம் பேசுவதே நம் மரபு. ஆயினும் செயலாளர் அவர்கள், "பேத்தியை வளர்க்கும் முறையைச் சொல்லுங்கள், அம்மா, பலருக்கும் பயன்படும்" என்று வற்புறுத்தினார்கள். ஆகையால் இலக்கியத்தைக் கற்றோரிடம் விட்டுவிட்டு, வீட்டுச் செய்தி ஒன்றைப் பேச நிற்கின்றேன்.

என் பேத்திக்கு இப்பொழுது வயது ஐந்து. பிறந்தபோதே பித்தநாளம் அடைபட்டிருந்த குழந்தை. ஒன்றரை வயதில், என் மகனுடைய ஈரலில் ஒரு பகுதியை எடுத்து அவளுக்குப் பொருத்தினார்கள். நம் நாட்டில் குழந்தையொன்றுக்கு இச்சிகிச்சை முதன்முதல் வெற்றியுடன் நடந்தது 1998 நவம்பரில், டில்லியில். காஞ்சிபுரத்துப் பிள்ளையான சஞ்சய் கந்தசாமிக்கு அப்போது 20 மாதம். ஈரல் ஈந்தவர் தந்தையே. அப்பிள்ளை வளர்ந்து மருத்துவரே ஆனார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இதை மருமகளிடம் எத்தனையோ முறை சொன்னேன்; அவளைத் தேற்றச் சொன்னேனா, என்னையே தேற்றிக்கொண்டேனா, அறியேன்.

சிகிச்சை முடிந்தால் துன்பம் முடிந்ததென்று எண்ணினோம். உடலோ, வந்த உறுப்பைத் தன்னதென்று ஏற்பதில்லை. பகையென்று கருதித் தாக்கும். அதைத் தடுக்கவே டாக்ரோலிமஸ் என்னும் மருந்து. மருந்து குறைந்தால் ஈரல் பழுதாகும். மிகுந்தால் நோய்க்கிருமிக்கு வாயில் திறக்கும். ஆதலால் காலை எட்டு, இரவு எட்டு என்று 12 மணி நேர இடைவெளி தவறுவதில்லை. நம் தோட்டத்துப் பம்பளிமாசுகூட அம்மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்றார் மருத்துவர். அன்றோடு அம்மரத்துக் கனி அக்கம்பக்கத்தார்க்கே உரித்தாயிற்று!

தடுப்பூசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டம்மை, சின்னம்மை இவற்றின் ஊசிகளிலும் போலியோ சொட்டு மருந்திலும் இருப்பது வலுவிழந்த உயிர்க்கிருமி. பொதுவாக, மாற்றுச் சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னரே இவற்றை முடிக்க வேண்டும். பின்னர் மருத்துவரைக் கேளாமல் போடலாகாது. சொட்டு மருந்து நாளில் அவளை மட்டுமன்று, அவள் அண்ணனையும் அழைத்துச் செல்வதில்லை. அக்கிருமி அவன் வயிற்றிலிருந்து வெளிப்பட்டு அவளைச் சேரலாம். அவனுக்குப் போலியோ ஊசிதான். ஆனால் அம்மைத் தடுப்பூசிகள் அவனுக்குக் கட்டாயம். அவனே அவளுக்கு அரண். சளிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் வீட்டார் அனைவர்க்கும் உண்டு.

இத்தனையும் அறிந்திருந்தும் ஒருமுறை தவறினோம். நவராத்திரி நாள். பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதியம்மனைக் கரமனையில் உறவினர் வீட்டு மாடியிலிருந்து அவளுக்குக் காட்டிவிட்டு, கூட்டத்தில் இறங்காமலே திரும்பினோம். அந்தக் கவனம் வீட்டுக் கொலுவில் இல்லை. என் தங்கை பேரனுடன் வந்தாள். பையனின் கழுத்தில் நாலைந்து கொப்புளம். "வேர்க்குரு, அக்கா" என்றாள். குழந்தைகள் ஒரே தட்டில் சுண்டல் தின்றார்கள். மறுநாள் மாலை தொலைபேசியில் அழுகுரல்: பையனுக்குச் சின்னம்மை.

அன்றிரவே மருத்துவரிடம் ஓடினோம். இதற்கென எதிர்ப்பொருள் ஊசி ஒன்றுண்டு. பத்து நாளுக்குள், எவ்வளவு முந்துமோ அவ்வளவு நன்று. ஊசியிட்டபின் 28 நாள் காவல். நாள்தோறும் அவள் முதுகை விளக்கொளியில் பார்ப்பேன். ஒரு கொசுக்கடிக்கும் நெஞ்சு நின்றது. அம்மை வரவில்லை. ஆனால் அச்சத்தில் என் தங்கையைக் கடிந்த சொல் மட்டும் தங்கிவிட்டது. ஆறு மாதம் அவள் எங்கள் படியேறவில்லை. பிழை அவளதன்று, முன்பே சொல்லி வைக்காத என்னுடையது. நானே சென்று அழைத்து வந்தேன்.

ஆகவே இப்பொழுது கூச்சமின்றிச் சொல்லிவிடுகிறோம்: இருமலிருந்தால் இன்னொரு நாள் வாருங்கள், கைகழுவி வாருங்கள், கன்னத்தில் முத்தம் வேண்டா. முதலில் சிலர் வருந்தினர். ஆற்றுக்கால் பொங்கலன்று அடுப்புப் புகைக்குச் சன்னல்களை அடைத்திருந்தபோது, அடுத்த வீட்டுச் சேச்சி தம் அடுப்பைத் தாமே தெருவின் மறுமுனைக்கு மாற்றிக்கொண்டார்!

பள்ளிக்கும் போகின்றாள். கூண்டில் வளர்க்க எங்களுக்கு மனமில்லை, மருத்துவரும் வேண்டாமென்றார். வகுப்பில் எவருக்கேனும் அம்மை கண்டால் ஆசிரியை உடனே தெரிவிக்கின்றார். உடல்வெப்பம் நூறரையை நெருங்கினால், கைமருந்தோ கஷாயமோ பார்ப்பதில்லை, நேரே மருத்துவமனைதான்.

இன்னும் சொல்ல உண்டு. ஆனால் மணி ஏழே முக்கால். மருந்துப்பை என் கையில் இருக்கிறது. குழந்தை வாசலில் வண்டியில் காத்திருக்கின்றாள். விடை தாருங்கள்.